குண்டுப் பிள்ளைக்குப் பரிசு

புலாவ் செபாங் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில், கூலிகளின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் அன்று கூடியிருந்தவர்கள்: நாற்காலியில் துரையின் மனைவி தொரசாணி, அவள் அருகில் கைகட்டி நின்ற கணக்கெழுதும் கிராணி ஜெயராஜ், மலாக்காவிலிருந்து வந்திருந்த நர்ஸ் மரியசெல்வி, பால்வெட்டு முடிந்து குளிக்காமலே வந்த தாய்மார்கள், இருசம்மாள், அவள் புருஷன் வீரமுத்து, அவன் தோளில் எட்டு மாதப் பெண் குஞ்சம்மா.

வருஷத்துக்கு ஒரு முறை தொரசாணி பிள்ளைகளைப் பார்ப்பாள். எது கொழுகொழுவென்று இருக்கிறதோ அதற்குப் பரிசு. வீரமுத்துவுக்கு நிலைகொள்ளவில்லை, காலை மாற்றி மாற்றி நின்றான். இந்த நாளுக்காகத்தான் அவன் தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லியிருந்தான். பதிலுக்குக் கடையில் வாங்கிய பால் டின்னில் ஒட்டியிருந்த படத்தில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை தொடை மடிப்போடு சிரித்தது. அந்த இனிப்புப் பாலைக் கட்டுப்படியாகும்படி தண்ணீராகக் கரைத்து ஊற்றினார்கள். பிள்ளை உப்பியது. கூலிகள் குடியிருந்த லயமே வந்து கன்னத்தைக் கிள்ளி, கிராணி வீட்டுப் பிள்ளை மாதிரி என்றது. அதைக் கேட்க அவனுக்கு அவ்வளவு ஆசை. பிள்ளை அழக்கூட மாட்டேன் என்கிறதே என்று இருசம்மாள் சொன்னபோது, சமர்த்துப் பிள்ளை என்று அவள் வாயை அடைத்தான்.

“என்னண்ணே, பிள்ளையத் தூக்க லோரி கொண்டாரணும் போலயே,” என்றான் வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து லயத்துச் சாமிக்கண்ணு. வீரமுத்து பெருமையோடு சிரித்தான்.

மரியசெல்வி வந்தாள். கன்னத்தைத் தொடவில்லை. முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அமுக்கி எடுத்தாள். குழி விழுந்தது. மூடவில்லை. மறுகாலிலும் அப்படியே.

“எத்தனை நாளா இப்படி ஊதியிருக்கு?”

“ஊதல மிஸ்ஸி. கொழுப்பு.”

பக்கத்தில் நின்ற தாய்மார்களில் ராஜம்மாவின் இடுப்பில் அவள் பிள்ளை இருந்தது. நோஞ்சான் என்று வீரமுத்து கேலி செய்த பிள்ளை. அதன் தொடையை அவனையே அமுக்கிப் பார்க்கச் சொன்னாள். விரலை எடுத்ததும் சதை எழும்பிக்கொண்டது.

“இதுதான் கொழுப்பு. தோலுக்கடியில கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பைங்க. தாய் வயித்துக்குள்ளயே உண்டாயிடும். பொறந்தப்புறம் நல்ல பால் சேரச் சேர நிறையும். காய்ச்சல், பசின்னு வந்தா உடம்பு அதுலேர்ந்து எடுத்துக்கும். உன் பிள்ளை காலுல இருக்கிறது தண்ணி. நீ கரைச்சு ஊத்துனதுல சக்கரைதான் இருந்துச்சு, உடம்பு வளர ஒண்ணுமில்ல. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

அதற்குள் கிராணி வந்து, தொரசாணி இவன் பிள்ளையைத்தான் கைகாட்டுகிறாள், பரிசை வாங்கிக்கொண்டு போகட்டும் என்றார். வீரமுத்து நகரவில்லை. பரிசா, ஆஸ்பத்திரியா என்று உண்மையிலேயே யோசித்தான். மேஜைமேல் பரிசு இருந்தது: ஒரு பெட்டி டின்பால்.

இருசம்மாள் பிள்ளையை அவன் தோளிலிருந்து பிடுங்கினாள். “நீங்க நின்னு வாங்கிட்டு வாங்க. நான் போறேன்.”

மரியசெல்வியின் மோட்டார் காரை நோக்கி அவள் நடந்துவிட்டாள். அப்போதுதான் அவன் பரிசை விட்டுவிட்டு அவள் பின்னால் ஓடினான். மலாக்கா போய்ச் சேரும்வரை பிள்ளையின் காலை அமுக்கிப் பார்த்துக்கொண்டே வந்தான். ஒவ்வொரு முறையும் குழி விழுந்தது.

வார்டு வாசலில், பிழைக்குமா என்று கேட்டான்.

“இப்ப சொல்ல முடியாது,” என்றாள் மரியசெல்வி.

“நாலு பேரு மெச்சணும்னு பிள்ளையக் கெடுத்துட்டேன் மிஸ்ஸி.”

“லயத்துல போய் இதைச் சொல்லு. குண்டா இருக்கிறதெல்லாம் ஆரோக்கியமில்ல. தாய்ப்பால் இருக்கையில அதை நிறுத்தி டின்பால் ஊத்தக் கூடாது. பிள்ளைய வளர்க்கிறது அது பிழைக்க, ஊருக்குக் காட்ட இல்ல.”

அது தாய்மார் வார்டு, ஆண்களை உள்ளே விடமாட்டார்கள். இருசம்மாள் பிள்ளையோடு உள்ளே போனாள். அவளுக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினார்கள்.