தலைகீழாக அச்சிட வேண்டிய பக்கம்

சோப்பு கம்பெனியில் புதிதாக ஒரு பதவி வந்தது. பெட்டியை வரையவும் தெரிய வேண்டும், அந்தப் பெட்டியை யாருக்கு, என்ன விலையில், எந்தக் கடையில் விற்பது என்று சொல்லவும் தெரிய வேண்டும். முதலாளியம்மா இரண்டு பேரை அழைத்து, வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஆளுக்கொரு பெட்டியும் விற்பனைத் திட்டமும் கொண்டுவரச் சொன்னார். அந்த இரண்டு பேரும் ஒரே வீட்டு மருமகள்கள்.

பெரியவள் பதினொரு வருஷமாக அங்கே பெட்டி வரைகிறவள். சின்னவள், கொழுந்தனின் மனைவி, மூன்று வருஷத்துக்கு முன் விற்பனைப் பிரிவில் சேர்ந்தவள். சேர்த்துவிட்டதே பெரியவள்தான். மாலை வகுப்பில் பெட்டி வடிவமைப்பு படிக்கப் போகிறேன் என்று சின்னவள் சொன்னபோது, வரைவது மனசுக்கு ஆறுதல் என்று வாழ்த்தி அனுப்பியவளும் அவள்தான். அந்த ஆறுதல் இப்படி எதிரே நாற்காலி போட்டு உட்காரும் என்று யார் கண்டது?

அழைப்பு வந்த நாளிலிருந்து பெரியவளுக்குச் சோறு இறங்கவில்லை. சின்னவள் சிரித்தால் தன்னைப் பார்த்துச் சிரிப்பதாகப் பட்டது; சிரிக்காவிட்டால் எதையோ மறைப்பதாகப் பட்டது. தன் பிள்ளையே பள்ளிக்கூடப் படத்தைத் தூக்கிக்கொண்டு சித்தியிடம் போய் நின்றபோது, கழுவிய டம்ளரை மறுபடியும் கழுவினாள். யாருக்குக் கிடைத்தாலும் சம்பளம் நம் வீட்டுக்குத்தானே வருகிறது என்று கணவர் சமாதானம் சொன்னார். சம்பளம் வரும், பேர் யாருக்கு வரும் என்று கேட்டுவிட்டு, கரண்டியைச் சத்தமாக வைத்தாள். காலையில் கைகூப்பி நின்றால், எனக்குக் கொடு என்று தொடங்கிய வேண்டுதல், அவளுக்குக் கொடுக்காதே என்று முடிந்தது. கடவுள் இரண்டையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார். பதில் சொல்ல அவருக்கு என்ன அவசரம்?

வியாழக்கிழமை மாலை சின்னவள் சாப்பாட்டு மேசையில் ஒரு தாளை விரித்து, பார்க்கச் சொன்னாள். மடித்துப் பெட்டியாக்குவதற்கு முந்தைய தாள். முன்பக்கம், மேல்பக்கம், பின்பக்கம் எல்லாம் மேலும் கீழுமாக ஒரே வரிசையில் இருந்தன. வயதானவர்களுக்கான சோப்பு. மூக்குக்கண்ணாடியைத் தேடாமலே படிக்கும்படி பெரிய எழுத்து. விரல் நடுங்கினாலும் இழுத்துத் திறக்கும்படி மூடியில் நாக்குபோல அகலமான ஒரு மடிப்பு. நல்ல யோசனை. பெரியவளுக்குத் தோன்றாத யோசனை.

பிறகு அவள் கண் பின்பக்கத்தில் போய் நின்றது. எழுத்தெல்லாம் நேராக இருந்தது. இருக்கக் கூடாது. இப்படி அடுக்கும் தாளில் பின்பக்கத்தைத் தலைகீழாக அச்சிட வேண்டும். மடித்து நிறுத்தியபின்தான் அது நேராகும். கையால் நூறு பெட்டி மடித்தவர்களுக்கு அது தானாக வரும். வகுப்பில் மட்டும் படித்தவர்கள் முதல் பெட்டியில் தவறாமல் செய்கிற தவறு அது.

"நல்லா இருக்கு," என்று சொல்லிவிட்டுப் பெரியவள் எழுந்து போனாள்.

மறுநாள் காலை அலுவலகத்தில் சின்னவள் அவள் மேசைக்கு வந்தாள். கையில் ஒரு துண்டுச் சீட்டு. முந்தின நாள் பதினான்கு சின்னக் கடைகள் ஏறி இறங்கி அலமாரித் தட்டுகளை அளந்தாளாம். தன் பெட்டிக்காக அளக்கப் போனவள், மேசைமேல் பார்த்திருந்த பெரியவளின் பெட்டியையும் மனதில் வைத்துப் பார்த்திருக்கிறாள். அது தட்டைவிட அரை விரல் உயரம் அதிகம்.

"நிக்காதுக்கா. படுக்க வச்சிருவாங்க, பேரே வெளிய தெரியாது. மதியத்துக்குள்ள குறைச்சிருங்க."

பெரியவளுக்கு நன்றி வரவில்லை. முளைச்சு மூணு இலை விடல, எனக்கே அளவு சொல்ல வந்துட்டா என்றுதான் தோன்றியது. சொன்ன அளவு சரியாக இருந்தது அதைவிடக் கொடுமை. குறைத்தாள். புதிய மாதிரியை மடித்து மேசைமேல் நிறுத்தினாள். நன்றாகத்தான் நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க, திருடிய பொருளை நடுவீட்டில் வைத்துக்கொண்டவள்போல அவளால் உட்கார முடியவில்லை. நல்ல புத்தி சில நேரம் இப்படித்தான் வருகிறது, உட்கார விடாமல்.

பன்னிரண்டரை மணிக்கு அச்சு அறைக்குப் போனாள். இயந்திரம் ஓடவில்லை. சின்னவள் தாளோடு ஓரமாக நின்றிருந்தாள். இந்தம்மா காலையிலிருந்து தாளைக் கொடுக்கவும் இல்லை, போகவும் இல்லை என்று அச்சுக்காரர் குறைப்பட்டுக்கொண்டார்.

பெரியவள் அந்தத் தாளை வாங்கி, நான்கு மடிப்பு மடித்து மேசையில் நிறுத்தித் திருப்பினாள். பின்பக்க எழுத்தெல்லாம் தலைகீழாக நின்றது.

"நேத்தே பார்த்துட்டேன். வேணும்னேதான் சொல்லல."

சின்னவள் பெட்டியைக் கையில் எடுத்தாள். "நேத்து உங்க கண்ணு இங்க நின்னுச்சுக்கா. ஏதோ தப்புன்னு தெரிஞ்சுது, என்னன்னு தெரியல. எப்படியும் சொல்லிருவீங்கன்னுதான் அச்சுக்குக் கொடுக்காம நிக்கிறேன்."

"சொல்லாமலே போயிருந்தா?"

"ஒரு மணி வரைக்கும் பார்த்துட்டு, இவரைக் கேட்கலாம்னு இருந்தேன்."

என்னைக் கேட்டிருந்தால் ஒன்பது மணிக்கே சொல்லியிருப்பேனே என்று அச்சுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். மூன்று பேரும் சிரித்தார்கள். பெரியவள் சிரிப்பு பாதியில் நின்று, கண் கலங்கியது. பிறகு உட்கார்ந்து, பின்பக்கத்தைத் திருப்பிப் போட்டுக் கொடுத்தாள்.

பதவி சின்னவளுக்குத்தான் கிடைத்தது. அழகான பெட்டி பெரியவளுடையது, ஆனால் யார் கை அதை எடுக்கும் என்று தெரிந்தவள் சின்னவள் என்று முதலாளியம்மா சொன்னார். உண்மைதான். அதனால் வலி குறைந்துவிடவில்லை. நல்லது செய்தவருக்கு வலிக்காது என்று எந்த வேதத்திலும் எழுதியிருக்கவில்லை.

பஸ்ஸில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள். வீட்டு வாசலில் மாமியார் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, யாருக்கு என்று கேட்டார். சின்னவள் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே இருந்தாள். கழற்ற அவ்வளவு நேரம் ஆகாது.

"இவளுக்குத்தான் அத்தை," என்றாள் பெரியவள். அந்த ஒரு வார்த்தைக்குப் பட்ட பாடு, பதினொரு வருஷத்தில் எந்தப் பெட்டிக்கும் அவள் பட்டதில்லை.