கழுவாத தட்டு

காலையில் அவர் சாப்பிட்ட தட்டைக் கழுவக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். காய்ந்த பருக்கைகளோடு அது மதியம் வரை அவர் கண்ணெதிரே இருக்கும். "நான் இன்னும் சாப்பிடல" என்று அவர் தொடங்கும்போதெல்லாம் மனைவி அதைத்தான் காட்டுவாள். அவள் பேச்சை நம்பாதவர் தட்டை நம்பினார்.

அன்று ஒன்பது மணிக்கு வந்த நாத்தனார் செய்த முதல் வேலை, முகம் சுளித்தபடி அந்தத் தட்டைக் கழுவிக் கவிழ்த்ததுதான்.

மனைவி உள்ளே தலைவாரிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்துக்கொள்ள எடுத்த மூன்று மாத விடுப்பு முடிந்துவிட்டது. பத்து மணிக்குள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் மேசைக்குத் திரும்பாவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்கு. பகலில் தம்பியைப் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டுதான் நாத்தனார் வந்திருந்தாள்.

"அக்கா, இவ எனக்குச் சோறே போடல. மூணு நாளாச்சு."

நாத்தனாருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏம்மா, புருஷனப் பட்டினி போட்டுட்டு உனக்குச் சீவிச் சிங்காரிச்சு வேலைக்குப் போகணுமா?"

"இப்பதான் சாப்பிட்டாரு அண்ணி. நீங்க கழுவினது அவர் தட்டு."

"என் தம்பி பொய் சொல்லமாட்டான். வாயில விரல வச்சாக்கூடக் கடிக்கத் தெரியாதவன்!"

மனைவி சட்டைக் கையை மேலே ஏற்றினாள். முழங்கைக்குக் கீழே ஒரு பல்வரிசை, ஒன்றுகூடக் குறையாமல், கருநீலமாகப் பதிந்திருந்தது.

"நேத்து குளிப்பாட்டும்போது."

நாத்தனார் அந்தப் பல்தடத்தைத் தொட்டுப் பார்த்தாள். "அவன் இப்படி இல்லையே..."

இல்லைதான். தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதர். ஞாபகத்தோடு அந்தப் பொறுமையும் அவரை விட்டுப் போனதும், அவருடைய பங்கையும் சேர்த்து மனைவியே சுமக்க வேண்டுமென்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவளும்தான் எதிர்பார்த்தாள். அதை நினைத்தால்தான் அவளுக்கு ஆத்திரம் வந்தது.

"இன்னிக்கு ஒருநாள் லீவு சொல்லேன். எனக்குப் பயமா இருக்கு."

"எனக்குத் தினமும் பயம்தான் அண்ணி. குளிப்பாட்ட வேண்டாம். எதிர்த்துப் பேசாதீங்க. கேட்டா இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க. பதினோரு மணிக்கு உங்களத் திருடின்னு சொல்வாரு, மனசுல வச்சுக்காதீங்க. ஆறு மணிக்கு வருவேன். அதுக்கு முன்னாடி வரமாட்டேன்."

"போகாதடி, கழுதை!" என்று அவர் கத்தினார்.

"கழுதைக்கு நேரமாச்சுங்க" என்று செருப்பை மாட்டினாள்.

தெருமுனை வரை அவர் குரல் கூடவே வந்தது. குற்ற உணர்ச்சியும் வந்தது. வரட்டும், பேருந்தில் நின்றுகொண்டு வரட்டும் என்று நினைத்தபடி அவள் நடையை எட்டிப் போட்டாள்.