தொங்கும் செயின்

மோட்டார் சைக்கிளின் புதுச் செயின் மறுபடியும் தொங்கிக்கொண்டிருந்தது. போன மாதம்தான் மாட்டியது. கைலாசம் குந்தி உட்கார்ந்து ஒரு விரலால் அதைத் தூக்கிப் பார்த்தான். பழைய செயினைப் போலவே தளர்ந்து ஆடியது. எண்ணெய்ப் பசைக்குக் குறைவில்லை. சக்கரமும் நேராகத்தான் இருந்தது. பிறகு ஏன்?

தெரியாமல் விட்டுவிடக்கூடிய விஷயமில்லை. அவன் மனைவி சாரதாமணி பிரசவம் பார்க்கும் நர்சு. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களிலிருந்து ஆள் வந்தால், அவளைச் சைடு காரில் உட்காரவைத்து அவன்தான் மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போவான். அப்படிப் போய்த் திரும்பும்போதுதான் பழைய செயின் இறக்கத்தில் கழன்றது. இறக்கத்தில் வண்டியை அடக்குவது பிரேக் மட்டுமல்ல. எஞ்சினும் செயின் வழியாகச் சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும். செயின் போனதும் அந்தப் பிடி போயிற்று. பிரேக் கட்டை புகைய, வண்டி தன் இஷ்டத்துக்கு ஓடி, வளைவுச் சுவரில் உரசி நின்றது. சாரதாமணி இருந்த பக்கம் பள்ளம்.

அந்தப் பள்ளம் இன்னும் அவன் கண்ணை விட்டுப் போகவில்லை. இப்போது தோட்டத்தில் பெருமாயி என்பவளுக்கு நாள் நெருங்கியிருந்தது. தெருவில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் அவன் வாசலுக்கு வந்து பார்த்தான்.

செவ்வாய்ப்பேட்டையில் மோட்டார் சாமான் கடை வைத்திருந்த மயில்சாமி, குனிந்து பார்த்தார்.

“எண்ணெய் கிண்ணெய் போடறதுண்டா?”

“பட்டினி போடறதில்லீங்க. வாரம் தவறாமப் பூசறேன்.”

“அப்பச் செயின் பத்தலீங்க. கனமான செயினும் அதுக்குத் தக்க பல்சக்கரமும் மெட்ராசுலேருந்து வரவெக்கறேன். பல்லைப் பாருங்க, கொக்கியாட்டம் வளைஞ்சு கெடக்குது. இதுல எந்தப் புதுச் செயினும் நிக்காது.”

“இந்த வண்டிய எனக்கு விக்கறதுக்கு முந்தித் தோட்டத்துத் தொரை வெச்சிருந்தப்ப இதே அளவுச் செயின் வருசக்கணக்கா ஓடுச்சுங்களே?”

“அது தொரை கைராசிங்க.”

“மெதுவாப் போனா இன்னொரு நடை தாங்குமுங்களா?”

“தாங்குமுன்னு நாஞ் சொல்லிருவேன். உக்காந்து போறது நானில்லையே.”

பல் வளைந்தது கண்ணுக்குத் தெரிகிற உண்மை. ஆனால் துரையிடம் தாங்கியது தன்னிடம் ஏன் தாங்கவில்லை? வீடு வரும்வரை கைலாசம் அதையே யோசித்துக்கொண்டு வந்தான்.

சாரதாமணி பித்தளைக் கிண்ணத்தைத் துலக்கிக்கொண்டிருந்தாள். “ஏனுங்க, மொகத்துல ரத்தமே இல்லீங்களே. ஆள் வந்தா நாம் போயே ஆகோணும். மாட்டு வண்டியில போய்ச் சேர்றதுக்குள்ள அவ தாங்க மாட்டா.”

“தெரியுது சாரதா.”

“இந்தக் கிண்ணத்தையும் மாத்தோணும். சாம்பல் போட்டுத் தேச்சுத் தேச்சே பாதிப் பித்தளை போயிருச்சு.”

அவன் அவள் விரல்களில் ஒட்டியிருந்த சாம்பலைப் பார்த்தான். பிறகு மூங்கில் குழாயிலிருந்த வண்டி மையை எடுத்து விரலிடுக்கில் தேய்த்தான். வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்த மை. அவன் அப்பா மாட்டு வண்டி அச்சுக்குப் பூசியது. எண்ணெயைவிட ஒட்டி நிற்கிறதே என்று அவன் செயினுக்கும் பூசி வந்தான்; துரை பூசியதில்லை. நறநறத்தது.

வைக்கோல் சாம்பலில் மணலைப் போன்ற நைசான பொடி உண்டு. வண்டியின் தடித்த அச்சு அதைத் தாங்கிக்கொள்ளும். செயினில் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சிறிய ஆணி. பொடி அதற்குள் நுழைந்தால், எண்ணெய் அதை வெளியே விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆணி மயிரளவு தேயும். இப்படிக் கண்ணிக்கு மயிரளவு என்று கூடி, செயின் முழுவதும் நீண்டு தொங்கும். நீண்ட செயின் பல்லை வளைக்கும். வளைந்த பல் செயினை உதறும்.

மயில்சாமி சொன்னதில் பல்சக்கரத்தை மாற்றுவதை எடுத்துக்கொண்டான், கனமான செயினை விட்டுவிட்டான். அதே அளவுச் சாமான் கடையிலேயே இருந்தது. அதை மாட்டி முடித்த மறுநாள் பெருமாயி வீட்டு ஆள் வந்தான்.

குழந்தை பிறந்து, இருவரும் திரும்பி இறங்கினார்கள். ஒவ்வொரு வளைவிலும் கைலாசம் காதைச் செயினிடமே வைத்திருந்தான். அடிவாரம் வந்ததும் இறங்கி விரலால் தூக்கிப் பார்த்தான். செயின் தொங்கவில்லை.

செய்தது இவ்வளவுதான்: செயினையும் முன்னும் பின்னும் அது ஓடும் இரண்டு பல்சக்கரங்களையும் ஒன்றாக மாற்றினான், வண்டி மையை நிறுத்திவிட்டு, சுத்தமான எஞ்சின் எண்ணெய் மட்டும் விட்டான்.