நாற்பத்தொன்றாம் பக்கம்

காலை ஷிப்டு முடிந்து கெமிக்கல் கம்பெனியிலிருந்து நேராக வந்திருந்தாள் சவரியம்மாள். யூனிபார்ம் சேலையைக்கூட மாற்றவில்லை. மணவாளன் வீட்டு இரும்பு கேட்டுக்கு வெளியே ஒரு சிமெண்டுப் பலகை கிடந்தது. அதில் உட்காராமல் முக்கால் மணி நேரமாக நின்றுகொண்டிருந்தாள். ஐம்பத்தெட்டு வயதில் காலையிலிருந்து டிரம் கழுவினால் முழங்கால் வீங்காமல் என்ன செய்யும். ஆனாலும் அந்த வாசலில் உட்கார்ந்து அவளுக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

மணவாளன் மதியச் சோறு சாப்பிட்டுவிட்டுக் வெளியே வந்து கை கழுவும்போதுதான் பார்த்தார். எழுபத்தொன்பது வயது. மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுத்து ரிட்டயரானவர். கண் கொஞ்சம் மங்கல், காது பழுதில்லை.

"யாரும்மா அது?"

"நான்தாங்க அய்யா, சவரி. மேட்டுக் காலனி. ஞானப்பிரகாசம் மவ."

அந்தப் பெயரைக் கேட்டதும் கையை வேட்டியில் துடைக்க மறந்து நின்றார். விரலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அவள் பைக்குள்ளிருந்து இரண்டு தாளை எடுத்து கேட்டுக்கு மேலாக நீட்டினாள். சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டி வரப்போகிற புதுக் கம்பெனி, ஆகஸ்டு மாதம் நொச்சிமேடு ஊரின் கிழக்குப் பக்கம் முழுவதையும் கம்பி போட்டு அடைத்திருந்தது. அதற்குள் காலனிக்காரர்களின் கல்லறை மேடும் போய்விட்டது. மனு கொடுத்தார்கள். நிலமெடுப்பு ஆபீசிலிருந்து வந்த பதில் ஒரு தாள். இன்னொன்று ஒரு புத்தகப் பக்கத்தின் ஜெராக்ஸ்.

"கம்பெனி வக்கீல் குடுத்ததாம். எனக்குப் படிக்க வராது. ஃபாதர்தான் படிச்சிக் காட்டினாரு. நீங்க எழுதுன ஊர் வரலாறுல, நாப்பத்தொன்னாம் பக்கத்துல, எங்க இடத்தைத் தரிசுன்னு போட்டிருக்குதாம். நெசங்களா அய்யா?"

அவருக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. 'ஊருக்குக் கிழக்கே உள்ள மேடு பயன்பாடற்ற தரிசு. குறிப்பிடத்தக்கது ஏதுமில்லை.' ஒன்றரை வரி. இந்த முப்பத்துநான்கு வருஷத்தில் அதை அவர் எத்தனை தடவை படித்திருப்பார் என்று அவருக்கே தெரியாது.

"புதன்கிழமை விசாரணை. நீங்க வந்து அங்க கல்லறை இருந்துச்சின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்றாள். "எங்கப்பா அங்கதான் கெடக்குது. என் மூத்த பொண்ணு வெண்மதியும் அங்கதான், நாலு வயசுல போனது. ரெண்டாம் தேதி கல்லறைத் திருநாள் வருது. மண்ணு அணைக்காம உட்டா இந்த மழைக்குத் தாங்காதுங்க அய்யா."

"வர்றேம்மா. நீ போ" என்றார்.

நொச்சிமேட்டில் அவரை மீட்டர்காரர் என்று கூப்பிட்டவர்களெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இப்போது இருப்பவர்களுக்கு அவர் வரலாற்று அய்யா. சும்மா வந்த பெயர் இல்லை. மீட்டர் பார்க்கப் போகிற வீட்டிலெல்லாம் உட்கார்ந்து, உங்க தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார், அந்தக் கிணறு யார் வெட்டியது என்று கேட்டுக் கேட்டு எழுதியவர். குட்டைக்குள் கிடந்த நடுகல்லைத் தன் சம்பளத்தில் ஆள் வைத்துத் தூக்கி நிறுத்தினார். ஊர்க் கோயிலுக்கும் திருவதிகைக்கும் இருந்த பழைய தொடர்பைத் தெரிந்துகொள்ள, லீவு போட்டுவிட்டு ஒரு மாதம் பண்ருட்டிக்கு அலைந்தார். கல்யாணம் காட்சிக்குப் போகாத மனுஷன் என்று பெண்டாட்டி சாகும் வரை திட்டினாள்.

மேட்டுக் காலனிக்கு மட்டும் அவருக்கு வேலை நிமித்தம் போகத் தேவை இருந்ததில்லை. குடிசைக்கு ஒற்றை பல்பு, இலவச கரண்டு, மீட்டரே கிடையாது. புத்தகத்துக்காகத்தான் போனார். அப்போது ஞானப்பிரகாசம் இரண்டு மதியம் அவரைக் கல்லறை மேட்டில் கூட்டிக்கொண்டு நடந்தார். அறுபத்துமூன்று மேடுகள். ஒன்றுக்கும் கல் இல்லை, பெயர் இல்லை. ஒவ்வொரு வருஷமும் நவம்பர் இரண்டாம் தேதி குடும்பத்தோடு வந்து, ஓடையிலிருந்து மண் சுமந்து அணைத்து, சுண்ணாம்பு அடித்து, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அதுதான் அவர்களுக்குத் தெரிந்த கல்லறை. ஒரு வருஷம் மண் அணைக்க ஆள் இல்லையென்றால் அடுத்த மழையில் அந்த மேடு கரைந்துவிடும். யார் யார் எங்கே என்பது ஞானப்பிரகாசத்துக்கு அத்துப்படி. சொல்லச் சொல்ல மணவாளன் எழுதினார். நான்கு பக்கம் வந்தது. அவர் எழுதியதிலேயே நல்ல பக்கங்கள் அவைதான்.

புத்தகம் சிதம்பரத்தில் ஒரு அச்சகத்தில் ஓடியது. அச்சுக் கூலியை ஏற்றுக்கொண்டவர் கோயில் கமிட்டி பழனிவேல். புரூஃபைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா மச்சான், கும்பாபிஷேகத்துக்கு நாலு பெரிய மனுஷங்க கையில குடுக்கற புக்கு. உள்ள அவுங்க சுடுகாட்டையா காட்டுவ?" என்றார். அந்த நாலு பக்கமும் போயிற்று.

புத்தகம் வந்த மறுநாள், மதியச் சாப்பாட்டு நேரம், ஞானப்பிரகாசம் இதே கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

"எங்காளுங்க எந்தப் பக்கத்துல சார் இருக்காங்க?"

"அடுத்த பதிப்புல வருது" என்று சொல்லி அனுப்பினார். அடுத்த பதிப்பு வரவே இல்லை. இரண்டு வருஷத்தில் ஞானப்பிரகாசமும் அந்த மேட்டுக்கே போய்விட்டார். அதிலிருந்து சோறு தின்று கை கழுவுகிற நேரத்துக்கு வாசலில் அந்தக் கேள்வி வந்து நிற்கும். ரேடியோ போட்டுப் பார்த்தார். சாப்பிடும் நேரத்தை மாற்றிப் பார்த்தார். எதுவும் சரிப்படவில்லை. யாரிடம் சொல்ல முடியும்? வரலாற்று அய்யாவுக்குப் பேய் பிடித்துவிட்டது என்பார்கள்.

வாய்ச்சொல் ஆபீசில் எடுபடாது என்று அவருக்குத் தெரியும். தாள் வேண்டும். அவருடைய நோட்டுகள் 2011-இல் அடித்த 'தானே' புயலில் கூரையோடு போய்விட்டன. மறுநாள் காலை கடலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சிதம்பரம் வண்டி ஏறினார்.

தெற்கு வீதிக்குப் பின்னால் அந்தச் சந்தில் அச்சகம் இல்லை. ஃபிளெக்ஸ் பேனர் கடை இருந்தது. அச்சக முதலாளியின் மகன் ஸ்ரீதர் ஒரு கண்ணீர் அஞ்சலி பேனரில் செத்தவருக்குப் பின்னால் மேகம் வைத்துக்கொண்டிருந்தான். பெயரைச் சொன்னதும் எழுந்து நாற்காலி போட்டான்.

"அப்பா ஒரு துண்டுப் பேப்பரைத் தூக்கிப் போட மாட்டாரு சார். எல்லாம் பரண்ல கெடக்குது. கரையான் மிச்சம் வச்சிருந்தா உங்க அதிர்ஷ்டம்."

ஏணி போட்டு ஏறி ஒரு மணி நேரம் தும்மிக்கொண்டே தேடினான். பழைய புரூஃப் கட்டு கிடைத்தது. ஓரமெல்லாம் அரித்திருந்தாலும் எழுத்து தெரிந்தது. 'மேட்டுக் காலனியின் கல்லறைகள்' என்று தலைப்பு. அறுபத்துமூன்று பெயர்கள். நான்கு பக்கத்தின் மேலும் மூலைக்கு மூலை சிவப்பு மையில் கோடு. 'நீக்கவும்' என்று எழுதி, மணவாளன் என்று கையெழுத்து, தேதி. பக்கவாட்டில் அதே சிவப்பு மையில், 'இதற்குப் பதிலாக' என்று போட்டு அந்த ஒன்றரை வரி.

பழனிவேல் எடுத்துவிட்டார் என்றுதான் அவர் இத்தனை வருஷமும் தனக்குத்தானே சொல்லி வந்தார். சொல்லிச் சொல்லி நம்பியும் விட்டார். பழனிவேல் வாயால் சொன்னார், அவ்வளவுதான். எழுதிய கை இதுதான்.

"சூப்பரா எழுதியிருக்கீங்களே சார். ஏன் அடிச்சிட்டீங்க?" என்று கேட்டான் ஸ்ரீதர். அவர் தாள்களை மடித்துக் கவரில் வைத்தார்.

திரும்பும்போது வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் மெதுவாக ஊர்ந்தது. ஜன்னல் திறந்துதான் இருந்தது. இதைக் காட்டினால் நாளைக்கு ஊரில் எந்த முகத்தோடு நடப்பது என்று நினைத்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. பாலம் தாண்டும் வரை கவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

புதன்கிழமை விசாரணையில் அவருக்கு மட்டும் நாற்காலி கொடுத்தார்கள். சவரியம்மாளும் காலனிப் பெண்கள் ஆறு பேரும் சுவரோரம் நின்றார்கள். தாசில்தாரம்மா மரியாதையானவர்.

"உங்க புக்கு எங்க ஆபீஸ்லயே ஒரு காப்பி இருக்கு சார். நல்ல உழைப்பு" என்றார்.

மணவாளன் கவரை நீட்டினார். அந்தம்மா நான்கு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார். பிறகு சிவப்பு எழுத்தில் விரலை வைத்தார்.

"நீக்கவும்னு கையெழுத்து போட்டது யாரு?"

"நான்தாம்மா. உள்ளதை அடிச்சிட்டு இல்லாததை எழுதினேன். அங்க கல்லறை இருக்குது. நான் நடந்து பாத்திருக்கேன். இதைச் சொல்லத்தான் வந்தேன்."

சுவரோரம் நின்ற சவரியம்மாள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

கம்பெனி வக்கீல் எழுந்தார். "மேடம், எழுதினவரே அன்னிக்கு தப்புன்னு அடிச்சிருக்காரு. அச்சுல வந்தது வேற. இன்னிக்கு வயசான காலத்துல யாரோ சொல்லி மாத்திச் சொல்றாரு. எதை நம்புறது?"

"யாரும் சொல்லலைப்பா" என்றார் மணவாளன். அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

தாசில்தாரம்மா தாள்களை அடுக்கிக் கவருக்குள் வைத்தார். "நான் நேர்லயே வந்து பாத்துடறேன். மழை விட்டதும், டிசம்பர்ல. மேடு இருந்தா கண்ணுக்குத் தெரியப் போவுது."

சவரியம்மாள் முன்னால் வந்தாள். "அம்மா, ரெண்டாம் தேதி ஒரு நாளு மட்டும் உள்ள உடச் சொல்லுங்கம்மா. மண்ணு அணைச்சிட்டு வந்துடறோம்."

"விசாரணையில இருக்கற இடம்மா. ஒரு கூடை மண்ணுகூடப் போடக் கூடாது. அப்புறம் புதுசா மேடு கட்டிட்டீங்கன்னு இந்த வக்கீல் சாரே சொல்லுவாரு. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

வெளியே வேப்பமரத்தடியில் சவரியம்மாள் அவருக்காகக் காத்திருந்தாள்.

"நீங்கதான் அடிச்சதா அய்யா?"

"ஆமாம்மா."

"சாவுற வரைக்கும் எங்கப்பா அடுத்த புக்குல வருது, அடுத்த புக்குல வருதுன்னு காலனி முழுக்கச் சொல்லிட்டு இருந்துச்சி. யார் மேலயும் சந்தேகப்படத் தெரியாத ஆளு." அவள் அழவில்லை, திட்டவுமில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்க்க நடந்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

கல்லறைத் திருநாளன்று காலனிக்காரர்கள் கம்பி வேலிக்கு வெளியே நின்று மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். தூறல் ஒவ்வொன்றாக அணைத்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் மேடுகள் போன வருஷத்துச் சுண்ணாம்போடு வெளுத்துத் தெரிந்தன. மணவாளன் ரோட்டிலேயே குடையோடு நின்றார். அவரை யாரும் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அந்த மாதம் மழை ஜாஸ்தி. இரண்டு புயல் சின்னம். ஓடை உடைத்துக்கொண்டு கிழக்கே பாய்ந்தது. மழை கொட்டும்போது அவர் வாசலுக்கு வந்து உட்கார்ந்துகொள்வார். கேட்டில் நிற்கிற கேள்வி நனைந்துகொண்டே நிற்கும்.

டிசம்பர் பத்தாம் தேதி கம்பி வேலியின் கேட்டைத் திறந்து எல்லாரையும் உள்ளே விட்டார்கள். தாசில்தாரம்மா, சர்வேயர், அவருடைய ஆள், வக்கீல், கம்பெனி மேனேஜர். உள்ளே இடம் வாரிவிட்ட களம்போல் மட்டமாகக் கிடந்தது. அங்கங்கே தண்ணீர் தேங்கி, கோரை முளைத்திருந்தது.

"எங்கம்மா மேடு?" என்று கேட்டார் தாசில்தாரம்மா. குரலில் கோபமில்லை.

வக்கீல் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு குறுக்கே நேராக நடந்தார். சர்வேயரும் ஆளும் அவர் பின்னால் டேப்பை இழுத்துக்கொண்டு போனார்கள்.

சவரியம்மாள் நேராகப் போகவில்லை. நான்கடி நடந்தாள், இடது பக்கம் வளைந்தாள், கால் அகல இடைவெளிக்குள் நடப்பதுபோல் ஒட்டி ஒட்டி அடி வைத்து ஓர் ஆள் நீளம் போய், வலது பக்கம் திரும்பினாள். ஓரிடத்தில், நாலு வயசுப் பிள்ளை படுக்கும் அளவுக்குக் குட்டியாகச் சுற்றி வந்தாள். பின்னால் காலனிப் பெண்கள் வரிசையாக அவள் வைத்த இடத்திலேயே கால் வைத்து வந்தார்கள். மொட்டைத் தரையில் அந்த வரிசை வளைந்து வளைந்து போயிற்று.

மணவாளன் எடுத்த காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். பெயர் அறுபத்துமூன்றும் அவருக்குத் தெரியும். யார் எங்கே என்பது மறந்துவிட்டது.

"சவரி, நான் எங்கம்மா கால் வைக்கட்டும்?"

"அங்கியே நில்லுங்க அய்யா" என்றாள், திரும்பாமல்.

சர்வேயர் சைகை காட்டினார். அவருடைய ஆள் எல்லைக் கம்பியை எடுத்துவந்து, அவள் குட்டியாகச் சுற்றி வந்த இடத்தின் நடுவில் நிறுத்தி, சுத்தியலை ஓங்கினான். மற்ற இடங்களில் பத்து அடி அடிக்க வேண்டியிருந்த கம்பி, அங்கே, தோண்டி மூடிய மண்ணுக்குள் போவதுபோல், இரண்டாவது அடியிலேயே முழங்கால் ஆழம் இறங்கியது.