வருஷக் கடைசியில் மூன்று கேசட்

"மூணுல ஒண்ணா நம்ம பிள்ளை பாட்டையும் போட்டா என்ன—"

"சொந்தப் பிள்ளைன்னு போட்டேன்னு ஊரு சிரிக்கும், சுகிர்தம்—"

"சிரிக்கட்டுமே!"

கம்பம் ஊரில் மைக்செட் கடை வைத்திருந்த ஞானசிகாமணிக்கு சினிமாப் பாட்டு பிடிக்காது. யார் யாரோ சொந்தச் செலவில் பாடிப் பதிந்த கேசட்டுகளைத் தேடி வாங்குவார். வருஷத்தின் கடைசி நாள் சாயங்காலம், தமக்குப் பிடித்த மூன்றைக் கடை வாசல் குழாய் ஒலிபெருக்கியில் ஊருக்கே கேட்கப் போடுவார். அவர் மகன் செல்வமணியும் அந்த வருஷம் மதுரைக்குப் போய் ஒரு கேசட் பதிந்து வந்தான். அடுத்த மாதமே குமுளி மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்து இறந்துபோனான்.

"அடுத்தவன் பிள்ளை தொண்டை கட்டிப் பாடினாலும் தேனுன்னு சொல்வீக. நம்ம பிள்ளை பாட்டு மட்டும் கசக்குதாக்கும்?"

ஞானசிகாமணி சட்டைப்பையிலிருந்து மகனுடைய கேசட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். கை பட்டுப் பட்டு அதன்மேல் இருந்த பெயர் அழிந்திருந்தது.

"இந்த வருசம் எனக்குப் பிடிச்சதுல இதுதான் முதல். குழாயில போட்டா என்னால தாங்க முடியாது, அதான்."

சுகிர்தம் அதைத் தொடவில்லை.

"'எப்படி இருக்குப்பா'ன்னு இதே இடத்துல நின்னு கேட்டானே, அன்னைக்கு அவன்கிட்ட இதைச் சொல்லியிருக்கலாம்ல?"