நாற்பத்தேழு கசிவுகள்

தம்பியின் மூச்சு நின்றபோது அந்த அறையில் இருந்தவர்கள் மூன்று பேர்: கட்டிலின் தலைமாட்டில் அவன் மனைவி, காலடியில் மகள், ஜன்னலோர நாற்காலியில் அக்கா. அவனோடு பதினெட்டு வருஷம் தெருத்தெருவாக நடந்த கூட்டாளி வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவரையும் சேர்த்தால் நான்கு. எரிவாயுக் கம்பெனியின் மேலாளர் இல்லை. அவர் வந்துவிட்டுப் போய் அரைமணி ஆகியிருந்தது. மூச்சு நின்றபோது மணி பத்து பத்து.

அக்கா இதையெல்லாம் மனதில் குறித்துக்கொண்டாள். நீதிமன்றத்தில் முப்பது வருஷம் வாக்குமூலங்களைத் தட்டச்சு செய்தவள். யார் இருந்தார்கள் என்பதை அன்றைக்கே சரியாக வைத்துக்கொள்ளாவிட்டால், இல்லாதவர்களெல்லாம் பிறகு இருந்ததாகச் சொல்லிக்கொள்வார்கள்.

தம்பிக்குக் கம்பெனியில் மூக்கர் என்று பேர். மண்ணுக்கடியில் போகும் எரிவாயுக் குழாய்களின் தடத்திலேயே, கசிவைக் கண்டுபிடிக்கும் கருவியைப் பிடித்துக்கொண்டு நடப்பது அவன் வேலை. கருவி கத்தும் இடத்தில் மஞ்சள் பெயின்டால் வட்டம் போட்டு எண் எழுதுவான். பெரிய கசிவென்றால் அன்றைக்கே தோண்டி அடைப்பார்கள். சின்னது வெடிக்காது, வீடு எரியாது என்று விட்டுவிடுவார்கள். அப்படி விட்டவை நாற்பத்தேழு. சில வட்டங்களுக்குப் பதினோரு வயது.

"வீடு எரியலைன்னா போதுமா? மேல போயி வானத்தையே கம்பளியாட்டம் மூடுது. புகையைவிடப் பல மடங்கு சூடு. நம்ம கம்பெனி உலகத்தைத் தூக்கி நிறுத்த வேண்டாம். தன் குழாயை ஒழுங்கா அடைக்கட்டும், அதுவே பெரிய காரியம்" என்பான். கம்பெனிக் கூட்டங்களில் எழுந்து நின்று சொல்வான். உட்காரச் சொன்னால் உட்காரமாட்டான். உட்காராத குடும்பம் அது.

இந்த வருஷம் கம்பெனி 'கசிவில்லா நகரம்' என்று அறிவிக்க இருந்தது. பூமியின் சூட்டைத் தணிக்கும் நிறுவனம் என்று பேருந்து நிறுத்தமெல்லாம் விளம்பரம். அதற்கு ஆய்வாளரான தம்பியின் கையெழுத்து வேண்டும். காலையில் மேலாளர் ஆப்பிள் பையோடு வந்தது அதற்குத்தான். கசிவு எதுவும் மிச்சமில்லை என்ற படிவத்தோடு வந்தார். கையெழுத்தில்லாமல் போனார்.

மதியம் இரண்டு மணிக்கு, மலர் வளையத்தோடு அவரே திரும்பி வந்தார். வளையத்தின் குறுக்கே வெள்ளை ரிப்பன், தங்க எழுத்து: 'கசிவில்லா நகரத்தைத் தந்த எங்கள் ஆய்வாளருக்கு.'

கூட்டாளி அதைப் படித்துவிட்டு மூக்கை உறிஞ்சினார். "மூக்கர் இப்ப எந்திரிச்சாருன்னா, இந்த வளையத்துலயே ரெண்டு கசிவு கண்டுபிடிச்சு வட்டம் போடுவாரு."

யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அக்கா மகளைக் கூப்பிட்டாள். "கத்தரிக்கோல் எங்கடி இருக்கு?"

"எதுக்கு அத்தை?"

"கொண்டா, சொல்றேன்."

தம்பி மனைவி அவள் கையைப் பிடித்தாள். "அண்ணி, இன்னிக்கு வேண்டாம். நாங்க இருக்கிறது கம்பெனி வீடு. நாளைக்கே காலி பண்ணுன்னு சொன்னா இவளைக் கூட்டிக்கிட்டு எங்க போவேன்?"

"என் வீட்டுல ரெண்டு ரூம் இருக்கு. ஒண்ணுல நான் இருக்கேன், இன்னொண்ணுல என் கோவம் இருக்கு. கோவத்தை இன்னிக்கே காலி பண்ணிடுறேன்."

தம்பி மனைவி அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு தானே எழுந்துபோய் அலமாரியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து வந்தாள்.

அக்கா ரிப்பனை வெட்டி நான்காக மடித்து மேலாளரிடம் நீட்டினாள். "பூ இருக்கட்டும். பூ என்ன பாவம் பண்ணுச்சு. பொய்யை மட்டும் எடுத்துட்டுப் போங்க."

மேலாளருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கழுத்துப் பட்டி வியர்வையில் நனைந்திருந்தது. "அம்மா, நான் என்ன பண்றது? மேலிடத்துல சொன்னதைச் செய்யறேன்."

"இப்போதைக்கு இவனைவிட மேலிடத்துல யாரு இருக்கா? இவன் சொன்னதைச் செய்யுங்க."

அக்கா தம்பியின் தலையணைக்கடியிலிருந்து தாள்களை எடுத்தாள். நாற்பத்தேழு கசிவுகளின் பட்டியல், தெரு, எண், கண்டுபிடித்த தேதியோடு, இரண்டு பிரதிகள். தம்பி சொல்லச் சொல்லப் போன வாரம் அவளே தட்டச்சு செய்தது. அலுவலகத்தில் அவன் கொடுத்தபோதெல்லாம் யாரும் கையில் வாங்கவில்லை. அதிகாரி ஒருவர் பெற்றுக்கொண்டால் முப்பது நாளுக்குள் தோண்டியாக வேண்டும் என்பது கம்பெனியின் சொந்த விதி.

"பெற்றுக்கொண்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"இப்பவா?"

"ஏன், நல்ல நேரம் பாக்கணுமா?"

வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். மயானத்தில் மூன்று மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். கூட்டாளி கவலையோடு கடிகாரத்தைப் பார்த்தார்.

"நிக்கட்டும்" என்றாள் அக்கா. "இவனுக்கு அவசரமா போக வேண்டிய வேலை எதுவும் இல்ல."

கூடத்தில் மின்விசிறி சூடான காற்றையே சுற்றிச் சுற்றித் தள்ளிக்கொண்டிருந்தது. மேலாளர் உடலைப் பார்த்தார், கூட்டாளியைப் பார்த்தார், பிறகு சுவரில் தாளை வைத்து எழுதினார்.

"நேரமும் போடுங்க" என்றாள்.

போட்டார். இரண்டு முப்பத்தைந்து.

அதன் பிறகுதான் அவள் உடலைத் தூக்கவிட்டாள். தம்பி தோளுக்குக் கீழே கைகொடுத்தவர்களில் மேலாளரும் ஒருவர். அதையும் அவள் குறித்துக்கொண்டாள். இருந்ததை இல்லை என்று சொல்லும் வழக்கம் அவர்கள் குடும்பத்தில் கிடையாது.

இருபத்தாறாம் நாள் முதல் குழியைத் தோண்டினார்கள். கூட்டாளி குழிக்குள் இறங்கி, கசிவு இருந்தால் நுரைக்கும் சோப்புத் தண்ணீரைக் குழாய் இணைப்பில் அடித்துவிட்டு அக்காவுக்குப் போன் செய்தார்.

"அக்கா, நுரைக்குது."

ஒருமணி நேரம் கழித்து மறுபடி செய்தார்.

"நுரைக்கல அக்கா."

"சரி. இன்னும் நாற்பத்தாறு" என்று வைத்துவிட்டாள். வைத்த கை சிறிது நேரம் போன் மேலேயே இருந்தது.

மூக்கர் கடைசியில் மனம் மாறிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார், அக்காதான் அதைக் கிழித்தெறிந்துவிட்டாள் என்று ஒரு பேச்சு இன்னும் உலவுகிறது. அவன் போடவில்லை. அன்று காலை மேலாளர் கொடுத்த பேனாவை வாங்கினான், மூடியை மாட்டினான், கட்டில் மேல் குனிந்திருந்தவரின் சட்டைப்பையில் தானே திரும்பச் செருகினான்.