பத்து மணிக்குள் பைத்தான்

சிவசங்கரி சிடியைச் செருகி, அதிலிருந்த பேக்கேஜை சர்வரில் பிரித்துப் போட்டாள். பத்து மணிக்குப் பிளஸ் டூ ரிசல்ட். அவள் வேலை பார்க்கும் உப்பளம் பிரவுசிங் சென்டர் வாசலில் கூட்டம் முண்டியது. பத்துக் கணினிகளுக்கும் இன்டர்நெட்டைப் பிரித்துத் தரும் மென்பொருளை நிறுவவேண்டிய லினக்ஸ் பேக்கேஜ் மேனேஜரோ, தான் எழுதப்பட்ட பைத்தான் மொழி இல்லாமல் செத்துக் கிடந்தது.

"பைத்தானை நாமளே கம்பைல் பண்ணி உருவாக்கினா சாயந்தரம் ஆயிடும்னியேம்மா?" முதலாளி புருஷோத்தமன் கையைப் பிசைந்தார்.

"இது மூலக்குளத்துல ஃப்ரெண்டு ரெடியா கம்பைல் பண்ணிக் குடுத்த பைத்தான் சார். ஓடிடும்."

ஓடியது. ஒன்பது ஐம்பதுக்கு மென்பொருள் ஏறி, கணினிகளில் இன்டர்நெட் வந்தது.

"சர்வர்ல இருந்த பைத்தானை எந்தப் புண்ணியவான் அழிச்சான்?" புருஷோத்தமன் உறுமினார். "இன்னைக்கே வேலைய விட்டு அனுப்புறேன்!"

சிவசங்கரி எழுந்து நின்றாள்.

"டிஸ்க்குல இடம் பத்தல. நமக்கெதுக்கு பைத்தான்னு நேத்து நான்தான் சார் அழிச்சேன்."